அந்தமான் செல்லும் தம்பதிகள் கடைசி இரவை எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம்தான் ஆகிறது. பாஸ்போர்ட் தேவையில்லை, விசா தேவையில்லை, ரூபாயிலேயே செலவு செய்யலாம், தமிழ் பேசுபவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள். இந்தக் காரணங்களால்தான் எங்கள் திருமண வெள்ளிவிழாவுக்கு மாலத்தீவையும் பாலியையும் விட்டுவிட்டு ஹேவ்லாக் தீவைத் தேர்ந்தெடுத்தோம். நவம்பர் மாத இறுதியில் சென்றோம். திட்டமிட்ட நாளில் திரும்ப முடியாமல் தீவிலேயே மாட்டிக்கொண்டோம். அந்த நாட்களில் யாரிடம் எதைக் கேட்பது, எந்தப் பணம் திரும்ப வரும், எது வராது என்று சொல்ல எங்களுக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதே மாதங்களில் செல்லவிருக்கும் ஒரு தம்பதிக்காவது இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

நாங்கள் வேளச்சேரியில் வசிக்கிறோம். மகன் கல்லூரியில் படிக்கிறான், என் மாமியாரும் எங்களுடன்தான் இருக்கிறார். இருவரையும் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் வெளியூர் செல்வது பல ஆண்டுகளாக நடக்காத காரியம். அலைச்சல் கூடாது, கடற்கரையில் ஓய்வாக இருக்க வேண்டும் என்று சொல்லி, நகரில் உள்ள ஒரு பயண முகவரிடம் ஏற்பாட்டை ஒப்படைத்தோம். தங்கும் விடுதி, தீவுகளுக்கு இடையிலான படகு, கார் ஆகியவற்றுக்கு இருவருக்கும் சேர்த்து 86,000 ரூபாய். சென்னையிலிருந்து போகவர விமானக் கட்டணம் தனியாக 27,400 ரூபாய். அவர் கொடுத்த பயணத் திட்டத்தில் முதல் இரவு ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட நகரத்தில். மற்ற எல்லா இரவுகளும் ஹேவ்லாக்கில். கடைசி நாள் காலைப் படகில் ஸ்ரீ விஜயபுரம் திரும்பி, அன்றே பிற்பகல் விமானத்தில் சென்னை. பெரும்பாலான முகவர்கள் இதே அமைப்பில்தான் திட்டம் போடுகிறார்கள் என்பதைப் பிறகு விசாரித்தபோது தெரிந்துகொண்டேன். பார்ப்பதற்கு ஒரு நாளும் வீணாகாத திட்டமாகத்தான் அது தெரியும்.

முதல் சில நாட்கள் மனநிறைவாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஹேவ்லாக்கின் அதிகாரப்பூர்வப் பெயர் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. அதன் மேற்குக் கரையில் உள்ள ராதாநகர் கடற்கரையில் அடர்ந்த காடு மணலின் ஓரம் வரை வந்து நிற்கிறது. அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதொலைவில் இருந்தும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுவதால், நவம்பரில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது, மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடுகிறது. எங்கள் விடுதி கிழக்குக் கரையில் விஜயநகர் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிப் பாறையும் பவளக் கற்களும் வெளியே தெரியும். அங்கே குளிக்க நினைப்பவர்கள் ஓத நேரத்தை விடுதியில் கேட்டுக்கொள்வது நல்லது. என் கணவர் முகத்தில் நான் பல ஆண்டுகளாகப் பார்க்காத ஒரு தளர்வை அங்கே பார்த்தேன். அந்த மகிழ்ச்சிக்காகவே செலவு தகும் என்று நினைத்தேன்.

இனி, ஹேவ்லாக் செல்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் தீவில் விமான நிலையம் இல்லை. ஸ்ரீ விஜயபுரத்துக்கு வர வேண்டுமென்றால் படகு அல்லது கப்பல்தான் வழி. வேகமாகச் செல்லும் தனியார் படகுகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அரசுக் கப்பலுக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஹெலிகாப்டர் சேவை உண்டு என்றாலும் அதில் நோயாளிகளுக்கும் தீவுவாசிகளுக்கும்தான் முன்னுரிமை. எனவே காற்று பலமாகி, கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று நிர்வாகம் படகுகளை நிறுத்திவிட்டால், எவ்வளவு பணம் கையில் இருந்தாலும் தீவை விட்டு வெளியேற முடியாது. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது அந்தமான் நிக்கோபார் பகுதியைத்தான். அது முடிந்த பிறகு, நமக்கு வடகிழக்குப் பருவமழை தரும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளில் பலவும் அந்தமான் கடலிலும் அதை ஒட்டிய வங்கக்கடலிலும்தான் உருவாகின்றன. சென்னையில் வானிலை அறிக்கையில் "தென்கிழக்கு வங்கக்கடல், அதை ஒட்டிய அந்தமான் கடல்" என்று கேட்கும்போது நாம் நம் ஊருக்கு மழை எப்போது வரும் என்றுதான் யோசிக்கிறோம். அந்த வார்த்தைகள் சொல்லப்படும் நேரத்தில் ஹேவ்லாக்கில் படகு ஓடுமா என்ற கேள்வி ஏற்கனவே எழுந்துவிட்டிருக்கும்.

2016 டிசம்பரில் இதுபோன்ற ஒரு தாழ்வு மண்டலத்தால் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்களும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்து அவர்களை மீட்டன. அதே அமைப்புதான் வலுவடைந்து வர்தா புயலாக டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது. வர்தாவில் எங்கள் தெருவில் விழுந்த மரங்களை நாங்கள் எவரும் மறக்கவில்லை. ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன் அந்தமானில் நடந்ததை எங்கள் முகவரும் சொல்லவில்லை, அவர் கொடுத்த திட்டத்திலும் அதற்கான இடம் எதுவும் வைக்கப்படவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை, விடுதி மேலாளர் எங்களிடம் வந்து, தாழ்வுப் பகுதி வலுவடைந்திருப்பதாகவும் மறுநாள் தனியார் படகுகள் ஓடுவது உறுதியில்லை என்றும் இந்தியில் சொன்னார். அன்று பிற்பகல் படகு ஒன்று இருந்தது. உடனே முகவரைத் தொலைபேசியில் அழைத்து, அன்றே ஸ்ரீ விஜயபுரம் போய்விடலாமா என்று கேட்டேன். "மேடம், அங்க எப்பவும் இப்படித்தான் சொல்லுவாங்க. காலையில படகு கிளம்பிடும். இன்னைக்கே போனீங்கன்னா அந்த ஒரு நைட் ரூம் வாடகை வீணாயிடும்" என்றார். படகுச் சீட்டு அவர் பெயரில் உள்ள கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருந்ததால் மாற்றித் தர வேண்டியவரும் அவரே. அவர் மாற்றவில்லை. அன்று பிற்பகல் சென்றவர்கள் மறுநாள் தங்கள் விமானத்தைப் பிடித்தார்கள். இந்த இடத்தில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: தீவில் உள்ள விடுதிக்காரர், படகுத்துறை ஊழியர், மீனவர் ஆகியோர் கடலைப் பற்றிச் சொல்வதை, சென்னையில் அமர்ந்திருப்பவர் சொல்வதற்கு மேலாக மதியுங்கள். ஒரு இரவு வாடகை வீணாவதைப் பெரிதாக எண்ண வேண்டாம். கையில் சிக்னல் இருக்கும்போதே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் அலை உயர எச்சரிக்கையை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். நாம் மீனவர்களுக்கான எச்சரிக்கை என்று தாண்டிப் போகும் வரிதான் தீவில் இருப்பவருக்கு முக்கியமான வரி.

மறுநாள் விடியும் முன்பே பெட்டிகளோடு படகுத்துறைக்குப் போனோம். மழை பக்கவாட்டில் அடித்தது. கைக்குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் எங்களைப் போல் நூற்றுக்கணக்கானோர் நின்றிருந்தார்கள். எல்லாப் படகுகளும் ரத்து என்ற செய்தி மட்டுமே கிடைத்தது. எப்போது மீண்டும் ஓடும் என்று சொல்ல எவராலும் முடியவில்லை. முகவரை அழைத்தேன். கடல் விஷயத்துக்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்றும், இனி ஆகும் செலவு எங்களுடையது என்றும் சொல்லிவிட்டு, அதன் பிறகு வந்த அழைப்புகளை அவர் எடுக்கவே இல்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட ஒருவர், நெருக்கடி வந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க மறுத்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நீங்கள் பணம் கட்டும் முன்பே, வானிலையால் படகு நின்றால் கூடுதல் தங்கும் செலவு யாருடையது, படகுக் கட்டணம் திரும்ப வந்தால் யாரிடம் வரும், விமானச் சீட்டை மாற்றித் தருவது யார் பொறுப்பு என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எதுவும் பிறகு உதவாது.

விமானச் சீட்டில்தான் எங்களுக்குப் பெரிய அடி விழுந்தது. ஹேவ்லாக்கில் படகு நின்ற அன்று ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து எங்கள் விமானம் சரியான நேரத்தில் கிளம்பிவிட்டது. விமான நிறுவனம் ரத்து செய்திருந்தால் முழுப் பணத்தையோ வேறு விமானத்தையோ கேட்டிருக்கலாம். விமானம் பறந்து, நாம் போகவில்லை என்றால், நாம் வராத பயணி மட்டுமே. காரணம் கடலாக இருந்தாலும் அவர்கள் கணக்கில் அது ஒன்றுதான். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பாகத் தேதியை மாற்றினால் மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் செலுத்தினால் போதும், சீட்டு உயிரோடு இருக்கும். அதைத்தான் நான் செய்ய முயன்றேன். ஆனால் முகவர் சீட்டு எடுத்தபோது தன்னுடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்திருந்தார். மாற்றத்துக்கான ஓடிபி அவருக்குப் போனது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் காத்திருந்தபோது, நிறுவனத்தின் பதிவில் எங்கள் எண் இல்லை என்றார்கள். விளக்கிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்துவிட்டது, அதில் ஹேவ்லாக்கும் இணைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மரம் விழுந்து மின்சாரம் போனால், கைப்பேசிக் கோபுரமும் சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது. நேரம் கடந்தது, சீட்டு போயிற்று.

எனவே, யார் மூலம் சீட்டு எடுத்தாலும் உங்கள் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும்தான் அதில் பதிவாகியிருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பதிவெண் கிடைத்ததும் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் அதை நீங்களே திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இரண்டை எடுத்துச் செல்லுங்கள். சென்னையில் நம்பகமான ஒருவரிடம் பதிவெண்ணையும் அடையாள அட்டை நகலையும் கொடுத்துவிட்டுப் போங்கள். என் மகனிடம் அவை இருந்திருந்தால், நான் சிக்னல் தேடி மழையில் நின்ற நேரத்தில் அவன் வீட்டிலிருந்தே தேதியை மாற்றியிருப்பான். அப்படியும் சீட்டு போய்விட்டால், வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் கேட்டு வாங்குங்கள். பயணம் செய்யாத பயணிக்கு அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேட்காவிட்டால் பெரும்பாலும் வராது. எங்களுக்கு இருவருக்கும் சேர்த்து 1,900 ரூபாய் வந்தது.

படகுத்துறையிலிருந்து விடுதிக்குத் திரும்பியபோது, முன்பதிவு இல்லாமல் வருபவர்களுக்கான வாடகை என்று ஒரு இரவுக்கு 9,500 ரூபாய் கேட்டார்கள். நான் அழுதுவிடும் நிலையில் இருந்தேன். அப்போது என் கணவர்தான் நிதானமாக ஒன்றைச் சொன்னார். நாங்கள் போக முடியவில்லை என்றால், அடுத்து வர வேண்டிய விருந்தினர்களும் வர முடியாது, அறைகள் காலியாகத்தான் இருக்கும் என்றார். மேலாளர் நல்ல மனிதர், உரிமையாளரிடம் பேசிவிட்டுக் காலை உணவோடு 5,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். படகு நின்ற நாட்களில் விடுதிக்காரருக்கும் நம்மை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதை நினைவில் வைத்துப் பணிவாகப் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். ரொக்கம் இன்னொரு தொல்லை. தீவில் ஏடிஎம் மிகக் குறைவு. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எடுத்ததால் விரைவில் பணம் தீர்ந்தது. சிக்னல் இல்லாததால் யுபிஐயும் வேலை செய்யவில்லை. இருவருக்குமாகக் குறைந்தது 15,000 ரூபாயை ரொக்கமாக, பயணச் செலவுக்கு மேலாகத் தனியாக வைத்துக்கொள்வது அவசியம் என்று இப்போது சொல்வேன்.

பணத்தைவிட என்னை உலுக்கியது இன்சுலின்தான். என் கணவருக்குச் சர்க்கரை நோய். தினமும் பேனா மூலம் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பயண நாட்களுக்கும் அதற்கு மேல் சற்றும் தேவையான அளவு வைத்திருந்தோம். மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் இரவில் சில மணி நேரமே ஓடியபோது, அறையின் குளிர்பெட்டியில் இருந்த புதிய கார்ட்ரிட்ஜ் கெட்டுவிடுமோ என்ற பயம் வந்தது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் வரை அறை வெப்பத்திலேயே தாங்கும், திறக்காதவற்றைத்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று மருத்துவர் முன்பு சொன்னது எனக்கு அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவே இல்லை. சமையலறையில் ஒரு மண்பானை கிடைத்தது. அதில் நீர் ஊற்றி, கார்ட்ரிட்ஜை நீர் புகாத பையில் போட்டுக் கிண்ணத்தில் மிதக்க வைத்தேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலர் செய்வதுதான் அது. இரவெல்லாம் எழுந்து எழுந்து பானையைத் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த நாள் தீவின் அரசு சுகாதார மையத்துக்குச் சென்றோம். மருத்துவர் சர்க்கரை அளவைப் பரிசோதித்து, அவர் போடும் அதே வகை பேனா கார்ட்ரிட்ஜ் தங்களிடம் இல்லை என்றும், தேவைப்பட்டால் குப்பி இன்சுலினை எப்படி, எந்த அளவில் போட வேண்டும் என்றும் சிரிஞ்சோடு விளக்கிக் கொடுத்தார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. அந்த இளம் மருத்துவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். கடைத்தெருவில் உள்ள மருந்துக் கடைகளில் சாதாரண மாத்திரைகள் கிடைக்கும், குறிப்பிட்ட பிராண்டைத் தேடினால் கிடைக்காது. தினசரி மருந்து எடுப்பவர்கள் பயண நாட்களைப் போல இரண்டு மடங்கு மருந்தை எடுத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டில் பிராண்டுப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் எழுதப்பட்டிருக்கட்டும். அது இருந்தால்தான் தெரியாத ஊர் மருத்துவர் மாற்று மருந்தைத் தயக்கமின்றித் தர முடியும்.

இதற்கிடையே வீட்டிலிருந்து செய்தி வந்தது. எங்களை அடைத்துப்போட்ட அதே அமைப்பு மேற்கு நோக்கி நகர்ந்து தமிழகக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் எளிதில் தேங்கும் வேளச்சேரிக்கு மழை என்றால் என்ன பொருள் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். சிக்னல் வந்த ஐந்து நிமிடத்தில் மகன், "அம்மா, பாட்டியை மாடி வீட்டு ஆன்ட்டிகிட்ட விட்டிருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றான். அத்தை போனை வாங்கி, "அவனுக்கு மாத்திரை தீர்ந்துடலயே?" என்று தன் மகனைப் பற்றித்தான் கேட்டார். அன்று இரவு நானும் என் கணவரும் ஒருவரோடு ஒருவர் கோபமாகப் பேசினோம். ஓய்வுக்காக வந்த இடத்தில், கடல் இரைச்சலைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடத்தது. இப்படிப்பட்ட நாட்களில் கணவன் மனைவிக்குள் கோபம் வருவது இயல்புதான். வேலையைப் பிரித்துக்கொண்டது எங்களுக்கு உதவியது. தொலைபேசி, சீட்டு, பணம் என்னுடைய பொறுப்பு. படகுத்துறைக்குப் போய் நிற்பதும் விசாரிப்பதும் அவருடைய பொறுப்பு. அதன் பிறகு இருவருக்கும் பேச ஒரு பொருள் கிடைத்தது.

அவர் தினமும் படகுத்துறைக்குப் போனதால்தான் நாங்கள் மற்றவர்களுக்கு முன்பாக வெளியேறினோம். துறை அருகே தேநீர்க் கடை வைத்திருந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர், "அண்ணே, தனியார் படகைப் பார்த்துட்டு இருக்காதீங்க. காத்து குறைஞ்சதும் முதல்ல கவர்மெண்ட் கப்பல்தான் வரும். கவுன்டர்ல பேர் எழுதறாங்க, மெடிக்கல் பேப்பர் இருந்தா காட்டுங்க" என்று சொன்னார். சுகாதார மையச் சீட்டைக் காட்டிப் பெயர் கொடுத்தோம். விடுதியிலேயே தங்கித் தனியார் படகின் குறுஞ்செய்திக்காகக் காத்திருந்தவர்கள் எங்களுக்குப் பிறகும் அங்கேயே இருந்தார்கள். கப்பல் கட்டணம் சில நூறு ரூபாய்தான். பயணம் கடுமையாக இருந்தது, கீழ்த்தளத்தில் ஏறத்தாழ எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். கடல் ஒவ்வாமைக்கான மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு அரை மணிக்கு முன்பே போட வேண்டும், ஆட்டம் தொடங்கிய பின் போட்டால் அது வயிற்றில் தங்காது. கப்பலின் நடுப்பகுதியில், வெளிக்காற்று வரும் இடத்தில் இருந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

ஸ்ரீ விஜயபுரத்தில் இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். மறுநாளுக்குச் சென்னைக்கு இரண்டு சீட்டுகள் 34,600 ரூபாய்க்கு எடுத்தோம். போகவர ஆன மொத்தக் கட்டணத்தைவிட ஒருவழிக் கட்டணம் கூடுதல். மறுநாள் விமான நிலையத்தில் நின்றபோது, சென்னையில் கனமழையால் அந்த விமானமும் ரத்தானது. சென்னையிலிருந்து அந்தமான் செல்பவர்கள் இதைக் கணக்கில் வைப்பது மிகவும் அவசியம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தமானில் வானம் தெளிந்தால் பிரச்சினை தீர்ந்தது. நமக்கு அங்கே தெளிந்த அமைப்பு இங்கே வந்து நம் விமான நிலையத்தை மூடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் இம்முறை ரத்து செய்தது விமான நிறுவனம். எனவே முழுப் பணம் அல்லது கூடுதல் கட்டணமில்லாத மாற்று விமானம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களிடம் இருந்தது. சீட்டில் இம்முறை என் எண் இருந்ததால் கைப்பேசியிலேயே அடுத்த விமானத்துக்கு மாறிக்கொண்டேன். வானிலைக் காரணம் என்பதால் இழப்பீடு கிடையாது, அறை வாடகையும் நம் செலவுதான். அவசரம் உள்ளவர்கள் பெங்களூருவுக்குச் சீட்டு கிடைக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ வரலாம். எங்களோடு இருந்த ஒரு குடும்பம் அப்படிச் சென்று எங்களுக்கு முன்பே வீடு சேர்ந்தது.

ஊர் திரும்பிய பிறகு கணக்குப் பார்த்தேன். புதிய விமானச் சீட்டுகள் 34,600, ஹேவ்லாக்கில் கூடுதலாகத் தங்கியதற்கும் உணவுக்கும் ஏறத்தாழ 24,000, ஸ்ரீ விஜயபுரத்தில் அறைக்கும் உணவுக்கும் 9,000, ஆட்டோவுக்கும் காருக்கும் 2,500. இவ்வளவும் நாங்கள் திட்டமிட்ட செலவுக்கு மேலாகப் போனவை. ரத்தான தனியார் படகுக்கு முழுப் பணமும் திரும்பக் கொடுக்கப்பட்டுவிட்டதாகப் படகு நிறுவனம் சொன்னது. அந்த 3,200 ரூபாய் முகவரின் கணக்குக்குப் போயிருந்தது, அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிவு செய்து, படகு நிறுவனத்தின் மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இணைத்த பிறகுதான் அது வந்தது. வரியாக வந்த 1,900 ரூபாயையும் இதையும் கழித்தால் எங்கள் இழப்பு 65,000 ரூபாய்.

பயணக் காப்பீடு இதில் எவ்வளவைத் தாங்கியிருக்கும் என்று பிறகு சில பாலிசிகளின் விதிகளைப் படித்துப் பார்த்தேன். உள்நாட்டுப் பயணத்துக்கும் காப்பீடு உண்டு, இருவருக்குச் சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் வாங்கும் முன் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். இணைப்புப் பயணம் தவறினால் என்ற பிரிவில் படகும் கப்பலும் சேர்கின்றனவா, விமானம் தாமதமானால் மட்டும்தானா என்பது ஒன்று. புயல் எச்சரிக்கை வெளியான பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லுமா என்பது மற்றொன்று. பல பாலிசிகளில் செல்லாது. ஆகையால் விமானச் சீட்டு எடுக்கும் அன்றே காப்பீட்டையும் எடுப்பதுதான் பயன் தரும்.

என் தங்கையும் அவள் கணவரும் வரும் பிப்ரவரியில் அந்தமான் செல்கிறார்கள். அந்த மாதத்தில் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும், ஆனாலும் அவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டத்தில் வரிசையை மாற்றிவிட்டேன். காலை விமானத்தில் இறங்கி, அன்று பிற்பகல் படகிலேயே ஹேவ்லாக் போய்விடுவார்கள். ஓய்வெல்லாம் முதலில். பிறகு ஸ்ரீ விஜயபுரம் திரும்பி, 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையையும் ராஸ் தீவையும் கடைசியில் பார்ப்பார்கள். படகு ஒரு நாள் நின்றாலும் அவர்கள் இழப்பது ஊர் சுற்றிப் பார்க்கும் நேரத்தை மட்டும்தான், விமானத்தை இல்லை. படகுச் சீட்டும் விமானச் சீட்டும் அவளுடைய எண்ணிலேயே எடுத்தாயிற்று. விடுதிக்குப் பாதிப் பணம்தான் முன்பணமாகக் கட்டியிருக்கிறாள், வானிலையால் வர முடியாவிட்டால் தேதியை மாற்றித் தருவதாக விடுதியிலிருந்து மின்னஞ்சலும் வந்துவிட்டது. பதிவெண்களின் நகல் என்னிடம் இருக்கிறது.